ஒன்று கொடுத்தவளுக்குக் கூட்டல் குறி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எருமப்பட்டியில் அறுவடைக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பள்ளிக்கு நின்ற நாட்களைத் தள்ளிவிட்டால் இரண்டரை வகுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் சோடியம் ஏன் ஒன்றே ஒன்றைக் கொடுக்கிறது, மக்னீசியம் ஏன் இரண்டைக் கொடுக்கிறது என்று கேட்டால் உட்கார வைத்துச் சொல்வேன். பட்டம் வாங்கியவர்கள் சிலரிடம் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எப்போதோ படித்தது, மறந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு மறக்கவில்லை. மறக்க முடியாதபடி ஒரு ஜூன் மாதம் எனக்கு வாய்த்தது. அதை மெதுவாகத்தான் எழுத முடியும். என் எழுத்து அப்படி.

அறுபதுகளின் தொடக்கம். சேலத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். முதல் இரண்டு வருஷம் வராந்தா பெருக்கினேன், பானைகளில் தண்ணீர் நிரப்பினேன். பிறகு விஞ்ஞான அறையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஓய்வு பெற்றுப் போனார். கை நடுங்காதவள், கண்ணாடியை உடைக்காதவள் என்று பார்த்து என்னை அங்கே போட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் என்னை ஆயா என்று கூப்பிடுவதை விட்டு லேபம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன். கழுவிய சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு நீர்க்கோடு தெரியக் கூடாது. நான் கழுவிய குழாயில் தெரியாது.

ரசாயன டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கடைவீதியில் ஜவுளி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவர்தான். குதிரை வண்டியில் வந்து இறங்குவார். தலை முக்காடு நழுவாமல் அமிலப் புட்டியைத் தூக்கி ஊற்றுவார். என்னை அக்கா என்பார்.

அந்த அறைச் சுவரில் துணியில் ஒட்டிய ஒரு பெரிய படம் தொங்கியது. கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஓர் எண், ஓர் எழுத்து. வெளிநாட்டு நாள்காட்டி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வருஷம் மாறியும் கழற்றவில்லையே என்று ஒருநாள் கழற்றப் போனேன். டீச்சர் சிரித்துவிட்டு, உலகத்தில் உள்ள சாமான் எல்லாம் எவற்றால் ஆனதோ அவை அத்தனையும் அந்தக் கட்டங்களில் இருக்கின்றன என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அதன் பிறகு அதற்குத் தூசு தட்டும்போது கொஞ்சம் மரியாதையாகத் தட்டினேன்.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

ஏப்ரலில் பள்ளி மூடுவதற்கு முன்னால் டீச்சர் எல்லாப் புட்டிகளுக்கும் புதுச் சீட்டு எழுதினார். மேலே தமிழ், கீழே இங்கிலீஷ். ஒட்டுவதற்கு ஆபீசில் கோந்து கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். எங்கள் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவு இல்லாத வீடு இல்லை. அதில் காய்ச்சும் பசைக்கு எந்தக் கோந்து ஈடாகும். வீட்டிலிருந்து காய்ச்சிக் கொண்டுவந்து ஒவ்வொரு சீட்டாக நீவி நீவி ஒட்டினேன். அந்தப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்த நீல உப்பு போட்டால்தான் பூச்சி அண்டாது. இதுவும் எனக்குத் தெரியும். மயில்துத்தம் அதே அலமாரியில், அதே நீல நிறத்தில், என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பள்ளிக்கூடச் சாமானைக் கேட்காமல் எடுக்கவும் மனசில்லை, கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. போடாமல் விட்டேன்.

கோடை விடுமுறையில் சுண்ணாம்பு அடிக்க வந்த ஆட்கள் புட்டிகளை எல்லாம் தரையில் இறக்கி மூலைக்கு மூலை வைத்துவிட்டுப் போனார்கள். மூடிய அறையில் கரப்பான்கள் ஒன்றரை மாதம் விருந்து சாப்பிட்டிருந்தன. ஜூனில் கதவைத் திறந்தபோது புட்டிகள் மொட்டையாக நின்றன. ஒரு சீட்டு மிச்சமில்லை.

நிறமுள்ளவை தம் பெயரைத் தாமே சொல்லிவிட்டன. மயில்துத்தம் நீலம், இரும்பு உப்பான அன்னபேதி பச்சை. அமிலப் புட்டிகளுக்குக் கண்ணாடியிலேயே பெயர் இருந்தது. ஆனால் பன்னிரண்டு புட்டிகளில் வெள்ளைத் தூள். எது சமையல் உப்பு, எது விஷம் என்று கண்ணுக்கு வித்தியாசமில்லை.

தலைமையாசிரியை கத்தோலிக்க அம்மாள்; பெரிய டீச்சரம்மா என்போம். பள்ளி மணியைவிட ஒரு நிமிஷம் முன்னாலேயே நடக்கிறவர். வந்து பார்த்தார். சுண்ணாம்படித்தவர்கள் கலைத்துவிட்டார்கள் என்று டீச்சர் எனக்காகப் பேச ஆரம்பித்தார். பசை நான் காய்ச்சியது என்று குறுக்கிட்டேன். பெரிய டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார்.

“இன்ஸ்பெக்ட்ரஸ் வர்றதுக்குப் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள ஒவ்வொரு புட்டிக்கும் பேர் இருக்கணும். இல்லேன்னா லேபுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீங்க பழையபடி வராந்தாவுக்கே போயிடுங்க.”

வராந்தா பெருக்குவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏறிய படியிலிருந்து, பிள்ளைகள் பார்க்க இறங்குவது எனக்கு ஆகாது. அன்று மத்தியானம் கொண்டுபோன சோற்றை அப்படியே திருப்பி எடுத்துவந்தேன்.

டீச்சர் கலங்கவில்லை. “பேர் போனா போகுதுக்கா. குணம் போகலையே” என்றார். அன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு மேஜையில் தன் மோதிரத்தைக் கழற்றி வைத்தார். அதைச் சுற்றி என் கண்ணாடி வளையல் ஒன்று. அதையும் சுற்றி, குடுவையைத் தாங்கும் இரும்பு வளையம். என் மடியில் கட்டியிருந்த புளியங்கொட்டைகளை வாங்கி, மோதிரத்தில் இரண்டு, வளையலில் எட்டு, இரும்பு வளையத்தில் ஒன்று என்று வைத்தார். இதுதான் சோடியம், பதினொன்றாம் எண் என்றார். நடுவில் பதினொரு கூட்டல், சுற்றிலும் பதினொரு கொட்டை. கொட்டை ஒவ்வொன்றும் ஒரு கழித்தல். கூட்டலும் கழித்தலும் சரிக்குச் சரி.

பிறகு வெளி வளையத்தில் தனியாக நின்ற அந்த ஒற்றைக் கொட்டையைக் காட்டினார். அது அங்கே ஒண்டிக் குடித்தனம். யாராவது கேட்டால் போய்விடும். போனபின் வெளி வளையத்துக்கே வேலையில்லை. உள்ளே எட்டும் நிறைந்து நிற்கும். படத்தில் கடைசி வரிசையில் சில வாயுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பிறந்ததிலிருந்தே வெளி வளையம் நிறைவு. அவை யாரிடமும் வாங்காது, யாருக்கும் கொடுக்காது. மற்றவை எல்லாம் கொடுத்தோ வாங்கியோ அந்த நிறைவுக்குத்தான் தவிக்கின்றன என்றார். ஒன்றாம் வரிசையில் மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் வெளியே ஒன்று, ஒன்றைக் கொடுக்கும். இரண்டாம் வரிசைக்கு இரண்டு, இரண்டைக் கொடுக்கும். மூன்றாம் வரிசையில் அலுமினியம் மூன்றைக் கொடுக்கும். ஏழாம் வரிசைக்கு ஏழு இருக்கிறது, ஒன்று குறைகிறது. அது ஒன்றை வாங்கும். ஆறாம் வரிசை இரண்டை வாங்கும். நடுவே கரி இருக்கும் நாலாம் வரிசை கொடுக்கவும் மனசில்லாமல் வாங்கவும் முடியாமல் பங்கு போட்டுக்கொள்ளும். இரும்பு போன்ற சில மட்டும் ஒரு நேரம் இரண்டு, ஒரு நேரம் மூன்று என்று நிலையில்லாதவை. கொடுத்தோ வாங்கியோ நிற்பதற்கு அயனி என்று பெயர். கொடுத்ததற்குக் கூட்டல் குறி, வாங்கியதற்குக் கழித்தல் குறி.

அங்கேதான் எனக்கு இடித்தது.

“ஏனுங்க டீச்சர், குடுத்தவளுக்குக் கொறையோணும், வாங்குனவளுக்குக் கூடோணும். இதென்னுங்க தலைகீழா இருக்குது?”

“அவ குடுத்தது என்னக்கா? ஒரு கழித்தல். கழித்தலைக் குடுத்துட்டா, உள்ள இருக்கிற கூட்டல்ல ஒண்ணு மிஞ்சி நிக்குமில்ல?”

பதினொரு கூட்டல், பத்துக் கொட்டை. விரல் விட்டு எண்ணினேன். ஒன்று மிஞ்சியது. மறுபடி எண்ணினேன். வீட்டுக்குப் போய் அடுப்புப் பக்கத்தில் மொச்சைக் கொட்டையை வைத்தும் எண்ணினேன். கொடுத்ததற்குக் கூட்டல் குறி என்பது யாரோ அறம் சொல்ல எழுதியது அல்ல. எண்ணினால் அப்படி வருகிறது. அன்று ரொம்ப நேரம் சோறு பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடந்த சோடியத்தில் ஒரு மிளகளவு வெட்டித் தண்ணீரில் போட்டார். அது சீறிக்கொண்டு அங்குமிங்கும் ஓடித் தீர்ந்துபோனது. சோடியம் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் ஏழாம் வரிசைக் குளோரின் எனக்குத் தெரியும். காலரா வரும் காலத்தில் கிணறுகளில் நகராட்சி ஆட்கள் போடும் வெள்ளைத் தூளின் நெடி அது. மூச்சை அடைக்கும். அந்தச் சீறுகிறதும் இந்த அடைக்கிறதும், ஒன்று கொடுத்து ஒன்று வாங்கினபின் சேர்ந்து நிற்பதுதான் நான் தினமும் கஞ்சியில் போடும் உப்பு. எத்தனை வருஷம் நாக்கில் வைத்திருக்கிறேன். எத்தனை பெரிய சமாதானத்தைத் தின்றிருக்கிறேன் என்று தெரியாமலே தின்றிருக்கிறேன்.

மூன்றாம் நாள் வேலை ஆரம்பித்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னல் கதவுகளைச் சாத்தினோம். வெளியே வெயில் காய்ந்தது, உள்ளே இருட்டு. ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். பள்ளியில் ஒரு பிளாட்டினக் கம்பி இருந்தது, கண்ணாடிக் குச்சியின் முனையில், விரல் நீளம்கூட இல்லை. அதை அமிலத்தில் நனைத்து, தூளில் தொட்டு, சுடரில் காட்ட வேண்டும். டீச்சர் தொட்டுக் கொடுக்க, நான் பிடித்தேன். கை நடுங்கக் கூடாது அல்லவா.

முதல் புட்டிக்குச் சுடர் ஆவாரம்பூ மஞ்சளாக எழுந்தது. சோடியம். அடுத்தது செங்கல் சிவப்பு, கால்சியம். அடுத்ததில் வாழைக் குருத்துப் பச்சை. அது பேரியம், விஷம், தனியாக வைக்கச் சொன்னார். அடுத்ததில் ஒன்றும் தெரியாததுபோல் இருந்து, பிறகு கத்தரிப்பூ நிறம் ஒரு கணம் வந்து போனது. அது பொட்டாசியம். அதன் நிறத்தை மஞ்சள் மறைத்துவிடும் என்பதால் ஒரு நீலக் கண்ணாடித் துண்டு வழியாகப் பார்க்க வேண்டும்.

வெள்ளையாக, ஊமையாக இருந்த தூளுக்குள் இத்தனை நிறம் எங்கே இருந்தது. கோயில் தீபாராதனையில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். இங்கே இமைக்கக்கூட மனசு வரவில்லை. டீச்சருக்கு இது பழகியதுதானே என்று பார்த்தால், அவர் முகமும் என் முகம்போலத்தான் இருந்தது.

எங்கள் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டுத்தான் சொம்பில் தண்ணீர் தருவதா, கையில் ஊற்றுவதா என்று முடிவு செய்வார்கள். தெருவை வைத்து மனுஷரை அளந்தது எத்தனை பொய் என்று வாழ்ந்து பார்த்தவள் நான். சுவரில் இருந்த படத்திலோ, தெருவைச் சொன்னால், அதாவது வரிசையைச் சொன்னால் போதும். கொடுப்பதா வாங்குவதா, எத்தனை என்று தொடாமலே சொல்லிவிடலாம். மனுஷரிடம் பொய்த்துப்போன அளவை உப்பிலும் கல்லிலும் ஒரு தரம்கூடப் பொய்க்கவில்லை.

இரண்டு புட்டிகள் சுடரில் எந்த நிறமும் தரவில்லை. மக்னீசியமும் அலுமினியமும் அப்படித்தான் என்றார் டீச்சர். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் கரட்டில் எடுப்பது மக்னீசியம் கலந்த கல்தான். அந்தக் கல்லைக் கூடையில் சுமந்த பெண்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். இரண்டு கொடுக்கும் பொருளைத் தலையில் வைத்திருக்கிறோம் என்று யாருக்குத் தெரியும். இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டிலும் மேகம்போல வெள்ளை இறங்கியது. நிறுத்தாமல் விடச் சொன்னார். விட்டேன். ஒன்றில் மேகம் அப்படியே நின்றது. அது இரண்டாம் வரிசை மக்னீசியம். மற்றதில் மேகம் கரைந்து தெளிந்துவிட்டது. அது மூன்றாம் வரிசை அலுமினியம்.

இப்படியும், வாங்கியது எது என்று காட்டும் வேறு சோதனைகளாலும் எட்டு நாளில் பதினொரு புட்டிக்குப் பெயர் கிடைத்தது. பன்னிரண்டாவதுதான் படுத்தியது.

அதன் சுடர் மஞ்சள். நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கத்தரிப்பூவும் இருந்தது. டீச்சர் அதைக் கரைத்துக் கொஞ்சம் குளோரின் நீர் விட்டார். பிறகு என்னிடம் கிழங்கு மாவுக் கஞ்சி கொண்டுவரச் சொன்னார். எந்த மாவு என் மானத்தை வாங்கியதோ அதே மாவில் காய்ச்சிக் கொண்டுவந்தேன். ஒரு சொட்டு விட்டதும் குழாய் முழுக்கக் கருநீலம் பரவியது. அயோடின் இருக்கிறது என்றார். குளோரின் வாங்குவதில் வலியது; அயோடின் ஏற்கனவே வாங்கி வைத்திருந்த ஒன்றைக் குளோரின் பிடுங்கிக்கொண்டது, வெறுங்கையாக நின்ற அயோடின் கஞ்சியில் நீலமாகக் காட்டிக்கொடுத்தது. இன்னும் இரண்டு சோதனை செய்து, தூளிலேயே குளோரினும் இருக்கிறது என்றார். சுண்ணாம்படித்தவர்கள் கொட்டியதை அள்ளி ஒரே புட்டியில் போட்டிருக்கிறார்கள். சோடியம், பொட்டாசியம், குளோரின், அயோடின், நாலும் அதில்.

பெரிய டீச்சரம்மாவுக்குப் பொறுமை இல்லை. மறுநாள் காலையில் இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார். அலமாரியில் மொட்டைப் புட்டி நிற்கக் கூடாது. மஞ்சள் எரிந்தால் சோடியம் என்று எழுதி ஒட்டுங்கள் என்றார். டீச்சர் தலை குனிந்து நின்றார்; வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம்தான். சீட்டு எழுதி மேஜையில் தயாராக இருந்தது. ஒட்டினால் பன்னிரண்டும் முடிந்தது, நான் லேபம்மாவாகவே இருப்பேன்.

சீட்டைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் கீழே வைத்துவிட்டேன்.

“பொய்ப் பேரு ஒட்ட மாட்டேனுங்க. நாளைக்கு ஒரு புள்ள இதை நம்பி எடுக்கும். என்னை வராந்தாவுக்கு அனுப்போணும்னா அனுப்பீருங்க, போயிக்கறேன்.”

பெரிய டீச்சரம்மா வெளியே போய்விட்டார். நான் அந்தப் புட்டியின் கழுத்தில் ஒரு கிழிசல் துணியைக் கட்டி அலமாரியின் ஓரத்தில் வைத்தேன். வீட்டுக்குப் போய், வராந்தாவுக்கு என்று எடுத்து வைத்திருந்த பழைய சேலையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் உயரமானவர், தடித்த கண்ணாடி, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. அலமாரி முன்னால் நின்று புட்டி புட்டியாகத் திருப்பிப் பார்த்தார். கிழிசல் கட்டிய புட்டியில் அவர் கை நின்றது. இது ஏன் பேர் இல்லாமல் என்று கேட்டார். பெரிய டீச்சரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்த லேபைப் பார்த்துக்கொள்வது யார், அவர்களே சொல்லட்டும் என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள்.

சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அதுல நாலு இருக்குதுங்க. சோடியம், பொட்டாசியம் ரெண்டும் ஒண்ணாம் வரிசைங்க, ஆளுக்கு ஒண்ணு குடுத்தது. குளோரின், அயோடின் ரெண்டும் ஏழாம் வரிசைங்க, ஆளுக்கு ஒண்ணு வாங்குனது.”

“எதோட எது சேர்ந்திருக்கு?”

இதற்குப் பதிலும் முந்தின வாரமே டீச்சர் சொல்லியிருந்தார். சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்த விஷயம் அது.

“அது கேக்க முடியாதுங்க. தண்ணியில கரைச்சுத்தான் நாங்க கண்டோம். கரைஞ்ச பொறகு யாரு குடுத்ததை யாரு வாங்குனாங்கன்னு அடையாளம் இல்லீங்க. குடுத்தது குடுத்ததாவே நிக்குது, வாங்குனது வாங்குனதாவே நிக்குது. சோடி இல்லீங்க.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்த வகுப்பு வரை படித்தீர்கள் என்று கேட்டார். மூன்று என்றேன். டீச்சர் பக்கம் திரும்பி, நாலு பெயரையும் எழுதி இந்தப் புட்டியில் ஒட்டுங்கள், கொட்டிவிடாதீர்கள், பதினோராம் வகுப்புக்கு வைத்து நடத்துங்கள் என்றார். டீச்சர் அங்கேயே எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். எழுத்து எனக்குக் கோணும்; குறி கோணாது. முதல் இரண்டுக்கும் தலைமேல் கூட்டல் போட்டேன், அடுத்த இரண்டுக்கும் கழித்தல் போட்டேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அடுத்த அறைக்குப் போனார். பின்னாலேயே போன பெரிய டீச்சரம்மா வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குச் செய்முறை இருக்கிறது, ஸ்பிரிட் விளக்குகளுக்குத் திரி மாற்றி வையுங்கள் என்றார்.

ஆகட்டுங்க என்றேன்.